அக்கரப்பத்தனைக்கு இறால் கொண்டு போன கதை

நாள் 1: உடப்பு – சிலாபம் – கண்டி

காலை நாலரைக்குப் படியிறங்கும்போது அம்மா கேட்டார்: "மலைநாட்டுக்குப் போறவங்க ஸ்வெட்டர் கொண்டு போவாங்க. நீ ஐஸ் கொண்டு போறியே?"

கையில் ஒரு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி. உள்ளே ஐந்து கிலோ இறால், மேலும் கீழும் உடைத்த ஐஸ், மூடியைச் சுற்றி நாலு சுற்று டேப். மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். கூடப் பிறந்தவன் இல்லை. எங்கள் இறால் பண்ணையில் நாலு வருடம் வேலை செய்தவன். அவனுடைய தங்கச்சிக்குக் கல்யாணம். "ஒண்ணும் வேணாம்ணே, நீங்க வந்தா போதும்" என்றான். அடுத்த மூச்சிலேயே, "அம்மா இதுவரைக்கும் பெரிய இறால் சாப்பிட்டதே இல்ல" என்றான். இதற்குப் பிறகு வெறுங்கையோடு எப்படிப் போவது?

ஒரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இருப்பது எங்கள் குளத்து இறால் இல்லை. எங்கள் குளங்கள் இரண்டும் நவம்பரிலிருந்து வெடித்துக் கிடக்கின்றன. முந்தல் பக்கம் ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கினேன். இறால்காரன் கடை இறாலைப் பரிசாகக் கொண்டு போவது, நெல்லு விதைக்கிறவன் அரிசிக் கடையில் வரிசையில் நிற்பது மாதிரி.

உடப்பு தெரியாதவர்களுக்கு: புத்தளம் மாவட்டத்தில், சிலாபத்துக்கு வடக்கே இருக்கும் தமிழ் மீனவக் கிராமம். ஆடி மாதம் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்புக்கு ஊர் நிறையும். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இன்னும் பெரியவர்களின் வாயில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் முந்தல் களப்பு, நடுவே ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால். அந்த வாய்க்கால்தான் இந்தப் பகுதி இறால் பண்ணைகளுக்குத் தாயும் பேயும். எல்லோரும் அதிலிருந்து தண்ணீர் எடுக்கிறோம், எல்லோரும் அதிலேயே கழிவையும் விடுகிறோம். இதைப் பற்றிப் பிறகு.

சட்டைப் பையில் இன்னொரு சாமானும் இருக்கிறது: தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பார்க்கும் சிறு குழல், ரிஃப்ரக்டோமீற்றர். ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தால் எண் தெரியும். கடல் தண்ணீர் ஆயிரத்துக்கு 35. குளத்தில் 15 முதல் 25 வரை இருந்தால் இறால் சந்தோஷமாக இருக்கும். இதை எதற்கு மலைக்கு எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது. சிலருக்கு வெற்றிலைப் பை, எனக்கு இது.

குருநாகலில் பெட்டி ஒழுக ஆரம்பித்தது. பக்கத்து ஆசனத்து அம்மா சேலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார், கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நானே உருகிவிட்டேன். இறங்கி, மீன் சந்தையில் புது ஐஸ் போட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிக் கண்டிக்கு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. லொட்ஜ்காரரிடம் கெஞ்சிப் பெட்டியை அவருடைய ஃப்ரீசருக்குள் தள்ளியாயிற்று. இன்றைக்கு இவ்வளவுதான்.

நாள் 2: கண்டி – ரம்பொடை – லிந்துலை

புசல்லாவை தாண்டியதும் வலப்பக்கம் பள்ளத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் போனைத் தூக்கினார்கள். எனக்குப் படம் எடுக்கத் தோன்றவில்லை. வேறு ஒரு கணக்கு ஓடியது.

இறால் குளத்தில் இரவு முழுக்கச் சக்கரங்கள் சுற்ற வேண்டும். துடுப்பு மாதிரித் தகடுகள் தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும். பகலில் பாசி ஒக்சிஜன் தரும். இரவில் அதே பாசி ஒக்சிஜனைக் குடிக்கும். விடிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் குளத்தில் மூச்சு மிகக் குறைவு. அந்த நேரத்தில் கரண்ட் போனால், ஜெனரேட்டருக்கு ஓடுவதற்குள் இறால் தண்ணீருக்கு மேலே வந்து தத்தளிக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தது யாருக்கும் மறந்திருக்காது. டீசலும் இல்லை. நானும் தம்பியும் ஒரு சைக்கிளில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு எத்தனை பெற்றோல் ஷெட் முன்னால் நின்றிருப்போம்! அந்த நெருக்கடிக்குப் பெரிய காரணம் டொலர் இல்லாததுதான். ஆனால் நீர்த்தேக்கங்களும் வற்றியிருந்தன என்பதையும் சேர்த்துத்தான் அன்றைக்குச் சொன்னார்கள்.

கொத்மலையில் 201 மெகாவாட். மேலே தலவாக்கலையில் 2012இல் திறந்த மேல் கொத்மலையில் 150. இந்த மலையில் மழை பிந்தினால் என் குளத்துச் சக்கரத்துக்குக் கரண்ட் விலை ஏறும், சில வருடம் கரண்டே நிற்கும். பதினைந்து வருடமாகக் கரண்ட் பில் கட்டுகிறேன், இந்தத் தண்ணீரை இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். பில்லில் கொத்மலை என்று போட்டிருந்தால் முன்னமே வந்திருப்பேன்.

நுவரெலியாவில் பஸ் மாற வேண்டும். காது அடைத்தது, பல் தந்தியடித்தது. ஆனால் பெட்டி ஒழுகுவது நின்றுவிட்டது. கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரத்தில் என் இறால் என்னைவிடச் சௌகரியமாக இருந்தது. சந்தையில் ஒரு மீன் கடையில் எட்டிப் பார்த்தேன். சிலாபத்து இறால், கிலோ விலையைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் கரையில் வியாபாரி எங்களுக்குத் தரும் விலைக்கும் இதற்கும் நடுவே ஒரு மலை மட்டும் இல்லை.

லிந்துலைச் சந்தியில் தம்பி ஓட்டோவோடு நின்றான். கட்டிப்பிடித்தவன் முதலில் கேட்டது: "குளத்துல தண்ணி ஏத்திட்டீங்களாண்ணே?"

நாள் 3: லயத்து அடுப்பு

தம்பியின் அம்மாவுக்கு இறாலை உரிக்கத் தெரியவில்லை. தம்பி உட்கார்ந்து உரித்தான். தலையைக் கிள்ளி, முதுகில் கறுப்பு நரம்பை ஒரே இழுப்பில் எடுக்கிற வேகத்தைப் பார்த்து லயமே, அந்த வரிசை வீடுகளில் இருந்த எல்லோருமே, கூடிவிட்டது. "இது என்னா, பெரிய பூச்சி மாதிரி இருக்கு" என்றார் ஒரு பாட்டி. பிறகு அவர்தான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

இங்கே கடல் என்றால் கருவாடுதான். நெத்தலி, கூனி, கிழமைக்கு ஒருமுறை கட்டாத் துண்டு. தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் கருவாடும் இருந்தால் காலை முடிந்தது. "முந்தி நூறு கிராம் வாங்கினா ரெண்டு வேள வரும். இப்ப காசும் கூட, கருவாடும் ஈரமா இருக்கு தம்பி, சீக்கிரமே புழுப் புடிக்குது" என்றார் அம்மா. காரணம் எனக்குத் தெரியும், ஆனால் எங்கள் ஊர்க் குற்றம் மாதிரிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வெயில் அடிக்க வேண்டிய மாதத்தில் மழை பெய்தால் கருவாடு காயாது. உப்பளமும் காயாது. 2025இல் நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியதே, அது அந்தக் காயாத உப்பளங்களின் கதைதான். புத்தளத்துக்காரனான நான் கடையில் ஒரு பக்கெட் உப்புக்கு அலைந்தேன். சிரிக்காதீர்கள்.

இரவு பனி இறங்கியது. கம்பளிக்குள் சுருண்டுகொண்டு தம்பியும் நானும் பழைய குளத்தைப் பற்றித்தான் பேசினோம். அவன் பண்ணையை விட்டு வந்ததற்குக் காரணமான அந்தப் பத்து நாட்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அது. குஞ்சு விட்டு எழுபது நாள். ஒரு மாதம் தொடர்ந்து வெயில், களப்புத் தண்ணீர் சுண்டி வாய்க்காலில் உப்பு 42க்கு ஏறிவிட்டது, கடலைவிட அதிகம். குளத்துத் தண்ணீர் மத்தியானம் 34 பாகை. இறால் தீனியைத் தொடவில்லை. தட்டில் வைத்த தீனி அப்படியே திரும்பி வந்தது. மழை வராதா என்று நாங்கள் வேண்டிக்கொண்டோம். கடவுளிடம் கேட்கும்போது அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அப்போது தெரியாது.

மூன்று நாள் இடைவிடாமல் ஊற்றியது. புதியவர்களுக்கு இது விளங்காது: மழைத் தண்ணீர்தானே, சுத்தமானதுதானே என்பார்கள். மழைத் தண்ணீர் லேசு. உப்புத் தண்ணீர் கனம். ஒன்று மேலே நிற்கும், மற்றது கீழே. இரண்டும் கலக்காது. கீழ்த் தண்ணீருக்குக் காற்றுப் போகாது. மேகம் மூடியதால் பாசி சாகும், செத்த பாசி அடியில் அழுகும். இறால் இருப்பது அடியில். வரம்பு மண்ணைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணீரில் புளிப்பு வேறு. சுண்ணாம்பு மூட்டைகளை மழையில் நனைந்தபடி தம்பி வரம்பு வரம்பாகக் கொட்டினான். உப்பு 42இலிருந்து 30, 22, 14 என்று இறங்கிய கணக்கை அவன் இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கிறான். "நாலாம் நாளு காலையில பதினொண்ணுண்ணே" என்றான் இருட்டில்.

வெள்ளைப் புள்ளி வைரஸ் எப்போதும் எங்கேயோ இருக்கிறது. நண்டிலும் இருக்கும், வாய்க்காலிலும் இருக்கும். 1996இல் வடமேல் கரையில் முதலில் பெரிதாகத் தாக்கியபோது அப்பா எல்லாவற்றையும் இழந்து மறுபடி கரைவலைக்குப் போனார். இறால் தெம்பாக இருந்தால் தாங்கும். சூடு திடீரென்று இறங்கி, உப்பும் திடீரென்று இறங்கினால் அதன் தெம்பு போய்விடும். தண்ணீர் 32க்கு மேல் சூடாக இருக்கும்போது அடங்கிக் கிடக்கும் வைரஸ், மழையில் தண்ணீர் குளிர்ந்ததும் எழும்பும். வெயில் தனியாக வந்திருந்தால் சமாளித்திருப்போம். மழை தனியாக வந்திருந்தாலும். ஒன்றின் முதுகில் மற்றது ஏறி வந்ததுதான் எங்களைக் கொன்றது.

ஆறாம் நாள் காலையில் கொக்குகள் வரம்பில் வரிசையாக நின்றன. அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இறால் கரையோரம் வந்து சோர்ந்து நின்றது. ஓட்டை உரித்துப் பார்த்தால் உள்ளே ஊசிமுனை அளவில் வெள்ளைப் பொட்டுகள். மருந்து கிடையாது. அன்றைக்கே வலை போட்டு, பாதி வளர்ந்ததை வந்த விலைக்குத் தள்ளினோம். மனிதருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் வியாபாரிக்கு நம் அவசரம் தெரியும், விலை அதற்கேற்ப இருக்கும். மேலே ஒருவர் கிருமி கொல்லும் குளோரின் போடாமலே குளத்தை இரவோடிரவாக வாய்க்காலில் திறந்துவிட்டதாகப் பேச்சு வந்தது. உண்மையா என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால், அப்பா தன் காலத்தில் செய்ததையும் சொல்ல வேண்டி வரும்.

நாள் 4: ஆற்றங்கரையும் வெடித்த சுவரும்

காலையில் அக்ரா ஓயாவுக்கு நடந்தோம். மேலே ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் மூடுபனி. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தாய்மடி அந்தப் பக்கம்தான். அங்கே மழை பெய்யாத நாளிலும் மரங்களின் பாசி பனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக இறக்கும் என்று தம்பி சொன்னான். பள்ளிக்கூடத்தில் படித்தது என்றான். ஆறு கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியில் விழும்.

சரி, குழலை எடுத்தேன். ஒரு சொட்டு விட்டேன். பூச்சியம். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "டீயிலயும் பாருங்கண்ணே!"

தண்ணீரில் கை வைக்க முடியாத குளிர். இந்தக் குளிரை நம்பித்தான் வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தங்கள் ஊர் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். 20 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒக்சிஜன் நிற்கும். 30 பாகையில் ஏழரைதான். உப்பு சேர்ந்தால் இன்னும் குறையும். தண்ணீர் சூடேறச் சூடேற அதில் மூச்சு குறையும், உள்ளே இருக்கும் உயிருக்கோ மூச்சு கூடத் தேவைப்படும். ட்ரவுட்டுக்கும் அதே கணக்கு, இறாலுக்கும் அதே கணக்கு, தாங்கும் எல்லை மட்டும் வேறு. இறாலுக்குச் சக்கரம் வைக்கலாம். ஓடைக்கு யார் வைப்பது?

திரும்பி வரும்போது காலில் அட்டை. நான் குதித்த குதியைப் பார்த்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் பேசியது நல்லவேளை காதில் சரியாக விழவில்லை. தம்பியின் மச்சான் ஒருவன் பூநகரிப் பக்கம் கடலட்டைப் பண்ணையில் வேலை செய்கிறான். "இங்க அட்டை நம்ம ரத்தத்தக் குடிக்குது, அங்க அட்டை டொலர் குடுக்குது" என்று மச்சான் சொல்வானாம். ஆழமில்லாத கடலில் வலை அடைப்புக் கட்டி வளர்ப்பார்கள், சீனாவுக்குப் போகும். ஆனால் அந்த அட்டைக்கும் இதே வியாதிதான். வெள்ளம் வந்து கடல் உப்புக் குறைந்தால் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும், தீனி எடுக்காது. நாட்கணக்கில் உப்புத் திரும்பாவிட்டால் சாகும். டொலர் குடுக்கிற அட்டைக்கும் கார்த்திகை மழை கண்டம்தான்.

கார்த்திகை என்றதும் தம்பி பேச்சை நிறுத்தினான். என்னைப் பழைய லயத்துக்குக் கூட்டிப்போனான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். அவர்கள் இருந்த ஆறு வீட்டு லயத்தின் பின்சுவரில் என் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு, அது வாசல் தரையைத் தாண்டிக் கீழே தேயிலைக்குள் போகிறது. இப்போது அங்கே யாரும் இல்லை. கதவுகளில் சாமி படம் ஒட்டிய அடையாளம் மட்டும். அந்த இரவு பத்தரை மணிக்கு அவன் எனக்கு அனுப்பிய குரல் செய்தி இன்னும் போனில் இருக்கிறது: "அண்ணே, மண்ணு சத்தம் கேக்குது, எல்லாரையும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறோம்." நான் அதைக் கேட்டபோது இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வரம்பு மூன்று இடத்தில் உடைந்துவிட்டது. குளம், வாய்க்கால், களப்பு எல்லாம் ஒரே தண்ணீர். பதில் அனுப்புமுன் சிக்னல் போனது. ஐந்து நாள் அவன் உயிரோடு இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. நான் இருக்கிறேனா என்று அவனுக்கும் தெரியாது.

ஒரே மழை. மேலே மண்ணாக இறங்கியது, கீழே வெள்ளமாக. பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை எங்கும் மண்சரிவு. அறுநூறுக்கு மேல் உயிர்கள். அதற்கு முன்னால் எங்கள் வரம்பும் இறாலும் எந்த மூலைக்கு? அதனால்தான் ஊரில் யாரிடமும் என் நட்டத்தைச் சொல்லி அழவில்லை. தம்பியிடம் சொன்னேன். அவன் வெடிப்பைப் பார்த்துக்கொண்டே, "வரம்ப நான் இருந்திருந்தா மூட்டை அடுக்கியிருப்பேண்ணே" என்றான்.

2014 அக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களே மண்ணுக்குள் போனதிலிருந்து இங்கே மழை என்றால் எல்லோரும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்கிறார்கள்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. எங்களுக்கு அப்படி நிறம் கிடையாது. எங்களுக்குக் கலண்டர் உண்டு: எந்த வலயத்தில் எந்த மாதம் குஞ்சு விடலாம் என்று பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுப்பார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்க்காலை நாறடிக்காமல் இருக்க. நல்ல ஏற்பாடு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது மழை தன் மாதத்தில் வரும் என்று நம்பிப் போட்டது.

மத்தியானம் தேநீர்க் கோப்பையோடு அம்மா சொன்ன ஒன்று மண்டையில் நிற்கிறது. வெயில் கூடினால் கொழுந்து வராது, கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். மழை கூடினால் இலையில் கொப்புளம் வரும். இந்த மலையில் ஒரு காலத்தில் தேயிலையே இல்லை, கோப்பிதான். 1869இல் இலையில் துரு மாதிரி ஒரு நோய் வந்து, இருபது வருடத்தில் கோப்பி முடிந்தது. ஒரே பயிர், அடுத்தடுத்து, மலை மலையாக. எங்கள் குளங்கள் கரை கரையாக இருந்த மாதிரி. கோப்பிக்குப் பிறகு தேயிலை வந்தது. இறாலுக்குப் பிறகு என்ன வரும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. சிலர் கொடுவா கூடு போடுகிறார்கள், சிலர் வன்னாமி என்ற வேறு இன இறாலுக்கு மாறிவிட்டார்கள், பலர் இத்தாலிக்குப் போகிறார்கள்.

நாள் 5: கல்யாணம்

நல்லபடி முடிந்தது. பெண் அழுதாள், மாப்பிள்ளையும் கொஞ்சம் அழுதான். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், மாசி மாதக் காமன் கூத்துக்கு நட்டிருந்த கம்பத்துக்கு முன்னால் இரவு தப்பு அடித்தார்கள், நானும் ஆடினேன். வீடியோ போடாதீர்கள் என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டேன். போட்டுவிட்டான்.

நாள் 6: பொல்கொல்லை

திரும்பும் வழியில் கண்டியிலிருந்து பொல்கொல்லைக்கு ஓர் ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரருக்கு ஆச்சரியம், தலதா மாளிகைக்குப் போகாமல் அணைக்கட்டுக்குப் போகிற ஆள் யார் என்று.

1976இல் கட்டியது. மகாவலியின் தண்ணீரில் ஒரு பங்கை இங்கே மறித்து, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தில் உக்குவளைக்குத் தள்ளுகிறார்கள். அங்கிருந்து சுது கங்கை, அம்பன் கங்கை, போவதென்ன, பிறகு இன்னொரு சுரங்கம், கலாவெவ. கலாவெவ வழிந்தால் கலா ஓயா. கலா ஓயா எங்கே போய் விழுகிறது? புத்தளம் களப்பில். அந்த முகத்துவாரத்தில் இருக்கும் கண்டல் காட்டை வள்ளத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன், நாட்டிலேயே பெரிய கண்டல் காடுகளில் ஒன்று. எங்கள் வாய்க்காலும் வடக்கே அதே களப்பில்தான் சேர்கிறது.

அக்ரா ஓயாவில் நான் கை நனைத்த தண்ணீர் என் குளத்துக்கு வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நடுவில் எத்தனை வயல், எத்தனை குளம். மிச்சம் ஒரு சொட்டு வந்தால் பெரிது. ஆனால் அந்த மிச்சம்தான் களப்பின் உப்பை இறக்கிப் பிடிக்கிறது. அது வராத வருடம் களப்பு கடலைவிடக் கரிக்கும். ஒரே நாளில் எல்லாம் சேர்ந்து வரும் வருடம் களப்பு சப்பென்று போகும். பதினைந்து வருடமாக நான் கடலைப் பார்த்தே பயந்துகொண்டிருந்தேன். கடல் ஏறுகிறது, கரை தின்னப்படுகிறது, அது பொய்யில்லை. ஆனால் என் இரண்டு குளத்தையும் காலி செய்தது கடல் இல்லை.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் மனம் கேட்காது. எங்கள் குளங்கள் இருக்கும் இடத்தில் முன்பு கண்டல் இருந்தது. எண்பதுகளில் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் வெட்டினார்கள். வெள்ளத்தின் வேகத்தைத் தடுக்கவும் வாய்க்கால் அழுக்கை வடிக்கவும் அது இருந்திருக்கும். வானம் மாறியது எங்கள் குற்றம் இல்லை என்று சொல்லலாம். வேலியைப் பிடுங்கியது நாங்கள்தான்.

இங்கேயும் குழலில் பார்த்தேன். பூச்சியம். ஓட்டோக்காரர் கேட்டார், என்ன பார்க்கிறீர்கள் என்று. "உப்பு" என்றேன். அவர் ஓட்டோவைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

நாள் 7: வீடு

பெட்டி காலியாகத் திரும்பவில்லை. தம்பியின் அம்மா லீக்ஸ், கரட், ஒரு கிலோ தேயிலைத் தூள் எல்லாம் திணித்து, மேலே டேப்பும் சுற்றிக் கொடுத்திருந்தார். "அடுத்த வாட்டி கருவாடு கொண்டாங்க, நல்லா காஞ்சதா" என்று சொல்லி அனுப்பினார். மாசி வெயில் சரியாக அடிக்கிறது, பார்ப்போம்.

அப்பா வாய்க்கால் கரையில் இருந்தார். குழலைக் கேட்டு வாங்கி, சொட்டு விட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். 33. பரவாயில்லை. உடைந்த வரம்பில் இரண்டை மூடிவிட்டார், மூன்றாவதற்கு மண் லொறிக்குச் சொல்லியிருக்கிறாராம். சித்திரைக்கு முன்னால் இரண்டு குளத்திலும் குஞ்சு விட வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் ஒரு குளம் போதும் என்றேன். மற்றதைத் தண்ணீர் தேக்கி வைக்கும் குளமாக விட்டால், வாய்க்கால் கெட்டுப்போகும் நாட்களில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், வாய்க்காலைத் தொட வேண்டியதில்லை. வரம்பின் வெளிப்பக்கம் கண்டல் நடுவதைப் பற்றியும் மெதுவாகச் சொன்னேன்.

"பாதிக் குளத்துல முழுக் கடன எப்படி அடைக்கிறது?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. குஞ்சுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் முற்பணம் கட்ட வேண்டும். தம்பிக்குப் போன் போட்டு, வருகிறாயா என்று கேட்டேன். தங்கச்சி மறுவீடு முடியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

ரெஜிபோம் பெட்டியைக் கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். லீக்ஸ் மணம் இன்னும் போகவில்லை.